எழுத்தறியாத பாட்டியால் பேரனின் வாசிப்புக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி: வெட்டாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம்.

குடவாசலுக்கும் கொரடாச்சேரிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் 14 குழந்தைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள்; வரலாற்றில் பட்டம் பெற்றுவிட்டு வீட்டில் இருந்தவள். பிள்ளைகள் என்னிடம் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதை இந்த இரண்டு ஆண்டுகளில் நன்றாக உணர்ந்திருக்கிறேன். எஞ்சிய மாலையும் இரவும் வீட்டில்தான் கழிகின்றன. ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்த 14 குழந்தைகளில் ஒன்பது பேர் பாட்டி, தாத்தா வளர்ப்பில் இருக்கிறார்கள். பெற்றோர் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கிறார்கள். மற்றவர்களின் தாய்மார் நடவுக்கும் களையெடுப்புக்கும் விடிவதற்கு முன்பே சென்று, திரும்பி வந்ததும் அடுப்படியில் நுழைந்துவிடுகிறார்கள். ஆனால் பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை இவர்களுக்குக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விஜயதசமியன்று வேலையை விட்டுவிட்டு, பூந்தோட்டம் அருகில் உள்ள கூத்தனூர் சரசுவதி கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்று, கூட்டத்தில் நெடுநேரம் நின்று, நெல்லில் முதல் எழுத்தை எழுத வைத்தவர்கள்தாம் இவர்கள். அதன்பின் தாங்கள் செய்யக்கூடியது என்ன என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கவலை தருபவை மூன்று. இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடநூலைத் திறந்து கடகடவென்று ஒப்பிக்கிறான். அவனுடைய பாட்டி அதைக் கேட்டுப் பூரித்துப் போகிறார். அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பலகையில் எழுதினால் அவனால் வாசிக்க முடியவில்லை. இன்னொரு சிறுமியை அவள் தாய் நாள்தோறும் ஒரே பாடத்தைப் பத்து முறை பார்த்து எழுதச் சொல்கிறார்; அந்தக் குழந்தைக்கு இப்போது நோட்டைக் கண்டாலே அழுகை வருகிறது. மூன்றாவது வீட்டில் தாத்தா ஆர்வத்தோடு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். அவர் எழுதும் லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருப்பதால் பேத்தி குழம்புகிறாள்.

சம்பா நடவு முடிந்ததும் வளர்ப்பவர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்தப் போகிறேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் அவர்களை உட்கார வைக்க முடியாது. சென்ற கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, தமக்குக் கைநாட்டு வைக்கத்தான் தெரியும், தம்மால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி காட்ட வேண்டும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், நன்னிலம்

சகோதரிக்கு வணக்கம். அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைப் பல ஊர்களில் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் எனக்கும் அதற்கு நல்ல விடை தெரியாமல்தான் இருந்தது. வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, எழுத்துத் தெரியாதவர்களைத் தலைகுனிய வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதலில் ஒப்பிக்கும் சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. காதால் கேட்டதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அவனிடம் இருக்கிறது. அது நல்ல ஆற்றலே. ஆனால் அவன் கண் எழுத்தின் மேல் இல்லை. க, கா, கி, கீ என்று வரிசையாகவே சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்; நடுவில் உள்ள ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால், முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துதான் அதன் பெயரைச் சொல்வார்கள். இதற்கு ஒரு சிறு பழக்கம் போதும். அவன் வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாய் விரலை முந்தினால், பக்கத்தில் இருக்கும் பாட்டி அவன் விரலைப் பிடித்து நிறுத்தலாம்; அதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு நீங்கள் வகுப்பில், அவனுக்குத் தெரிந்த எழுத்துகளைக் கொண்டே பாடத்தில் இல்லாத சொற்களை அமைத்துக் கொடுங்கள். படம் தெரியும் என்றால் மடம், பட்டம், மட்டம் என்று எழுதிக் காட்டுங்கள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்க வகுப்புகளில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு நாங்கள் பட்டா, படி என்று அவர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைப் பிரித்துக் காட்டினோம். அகர வரிசை முழுவதையும் முடித்த பிறகுதான் சொல் என்றிருந்தால், பாதிப் பேர் நடுவிலேயே நின்றிருப்பார்கள்.

நம் எழுத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்பதை வளர்ப்பவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்கிறோம். இவை அனைத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். துணைக்கால் எளிது. கொம்பு அவ்வளவு எளிதன்று. கெ, கே, கை ஆகியவற்றில் ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிர், எழுதும்போது முன்னால் நிற்கிறது; கொ, கோ ஆகியவற்றில் இரு பக்கமும் நிற்கிறது. காதில் கேட்ட வரிசைப்படி எழுதும் குழந்தை கொம்பைப் பின்னால் போடுவது இயல்பு. உகர, ஊகார வரிசைகள் இன்னும் கடினமானவை. கு, சு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வளைகிறது. ஒரே குறியைப் பிரித்துக் காட்ட வழியில்லை. இந்த இரண்டு வரிசைகளும் இரண்டாம் வகுப்பில் முழுமையாக வரவில்லை என்றால் அதற்காகப் பதற வேண்டாம்.

இனி அந்தப் பாட்டிக்கு வருகிறேன். தங்கம் என்ற சொல்லை ஒரு குழந்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறது. த, ங், க, ம் என்று தனித்தனியே சொல்லும்போது ககரத்தை வல்லோசையாகவே சொல்லும். சேர்த்துச் சொன்னாலும் முதலில் அப்படியே ஒலிக்கும். நம் மொழியில் ஒரே க, ஒரே ப, இடத்திற்கு ஏற்ப ஒலி மாறும். பம்பரத்தில் வரும் இரண்டு பகரங்களையும் சொல்லிப் பாருங்கள், தெரியும். இதை விதியாக ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி, அப்படி ஒரு சொல் ஏது என்று கேட்டால் போதும். குழந்தை மறுபடி எழுத்தைப் பார்க்கும், தங்கம் என்று சொல்லும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது; ஆனால் தமிழ் தெரியும். பிள்ளை வாசித்தது பொருள் உள்ள சொல்லா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அவரால் முடியும். எழுத்தைக் காட்டிக்கொடுப்பது பள்ளியின் வேலை, உங்கள் வேலை. வாசித்தது காதில் ஏறுகிறதா, பொருள் தருகிறதா என்று கேட்டுச் சொல்வது பாட்டியின் வேலை. அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் அந்த வீட்டில் இல்லை.

தாத்தாவின் பழைய எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. அவர் கற்றது தவறன்று. அந்த 13 எழுத்துகளையும் பழைய வடிவம், புதிய வடிவம் என்று ஒரு தாளில் இரு பத்திகளாக எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். பேத்தியும் அதைப் பார்க்கட்டும். தாத்தா படித்த காலத்தில் இப்படி எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும், அவரும் மனம் வருந்தி ஒதுங்க மாட்டார்.

மறுமொழி 2: வேதாரண்யம் பக்கத்துத் தாய்

ஐயா எழுதியதை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இப்போது நான் பேச்சில் சொல்லச் சொல்ல, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அவள் எழுத்துத் தமிழில் அமைத்து எழுதுகிறாள்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது இவள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கூரை போய்விட்டது, பாடநூலும் நோட்டும் நனைந்து கூழாகிவிட்டன. முகாமில் இருந்த நாட்களில் பள்ளி இல்லை, விளையாடவும் இடமில்லை. வெளியூர்களிலிருந்து வந்த நிவாரணப் பொருள்களின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள்தான் எங்கள் கண்ணில் பட்ட எழுத்துகள். அரிசிச் சாக்கு, பால் மாவுப் பொட்டலம், ரொட்டி உறை, மெழுகுவத்தி அட்டை என்று ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று அவளைக் கேட்பேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது, அதனால்தான் கேட்டேன். அவள் கூட்டிக் கூட்டிச் சொல்வாள். எந்த ஊர்க்காரர் அனுப்பியது என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள்.

வீடு திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. நான் அடுப்பில் சோறு வடிக்கும்போது அவள் நிலைப்படியில் உட்கார்ந்து வாசிப்பாள். புரியாவிட்டால், என்ன சொன்னாய், மறுபடி சொல் என்பேன். வாசித்து முடித்ததும், அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பேன். சில நாள் கதையைவிட எங்கள் பேச்சு நீண்டுவிடும். இதற்கெல்லாம் ஒரு பயன் இருந்தது என்று ஐயா எழுதியதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை இவளைவிட வேகமாக வாசிக்கிறது என்று பலர் முன்னிலையில் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் இவள் என் எதிரில் புத்தகத்தைத் திறக்கவில்லை. கூட்டத்தில் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 3: ஊர்ப்புற நூலகர், மன்னார்குடி வட்டம்

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளையும் வாசித்து நெகிழ்ந்தேன். இரண்டையும் ஒட்டி ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன்.

பொருள் உள்ள சொல்லா என்று பாட்டியால் சொல்ல முடியும் என்பது முழுக்க உண்மை. ஆனால் புத்தகத்தின் தமிழும் வீட்டின் தமிழும் ஒன்றல்ல. வீட்டில் மழை பெய்ஞ்சுது, மாடு வந்துச்சு என்கிறோம். புத்தகத்தில் மழை பெய்தது, மாடு வந்தது என்றிருக்கிறது. எழுத்தைச் சரியாகக் கூட்டிய பிறகும், இப்படி ஒரு சொல்லை நாம் சொல்வதில்லையே என்று குழந்தை தயங்குவதை நூலகத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். பெய்தது என்று எழுதியிருப்பதைப் பெய்ஞ்சுது என்று வாசிக்கும் குழந்தை பொருளைப் பிடித்துவிட்டது. அதைத் தவறு என்று கடிந்துகொள்ளாமல், ஆமாம், புத்தகத்தில் பெய்தது என்று போட்டிருக்கிறது என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

இந்தப் புத்தகத் தமிழ் காதுக்குப் பழக வேண்டும் என்றால், குழந்தை தானாக வாசிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பிருந்தே யாராவது அதற்கு வாசித்துக் காட்ட வேண்டும். அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் யாராக இருந்தாலும் சரி; நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் மறுக்காதீர்கள். ஐந்தாம் நாள் குழந்தை அடுத்த வரியைத் தானே சொல்லும். அதற்குப் பிறகு அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினால் எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்ளும். எழுத்தறியாத முதியவர்களுக்குப் புத்தகத் தமிழ் அந்நியம் என்றும் நான் நினைக்கவில்லை. திருச்சி வானொலியில் செய்தி கேட்டவர்கள், கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடக் கேட்டவர்கள், கூத்தும் கதாகாலட்சேபமும் விடிய விடியக் கேட்டவர்கள் இவர்கள். அவர்கள் சொல்லும் கதையிலேயே அந்தத் தமிழ் கலந்திருக்கும். இரவில் அவர்கள் கதை சொல்வதும் வாசிப்புக்கான பயிற்சிதான். கதை எங்கே தொடங்கும், எங்கே முடிச்சு விழும், எப்படி அவிழும் என்று காதால் அறிந்த குழந்தை, புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வாசிக்கும்.

புத்தகங்களுக்கு வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பதால் தேர்ந்தெடுப்பது எளிது. சொற்களே இல்லாத படப் புத்தகங்களும் உண்டு. பாட்டிகளுக்கு முதலில் அவற்றைக் கொடுங்கள். படத்தைப் பார்த்துப் பாட்டி ஒரு கதை சொல்ல, பேரன் வேறொரு கதை சொல்ல, இருவரும் சமமாக உட்கார முடியும்.

உங்கள் ஊருக்கு அருகில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் அந்த நூலகரைக் கூட்டத்திற்கு அழையுங்கள். எங்கள் மன்னார்குடிப் பகுதிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் இங்கிருந்துதான் புறப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். வண்டி கட்டிக்கொண்டு அன்று ஊர் ஊராகப் போனார்கள். மிதிவண்டியின் பின்னிருக்கையில் 20 புத்தகங்களை வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வர எந்த நூலகரும் மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

மறுமொழி 4: தனிவகுப்பு ஆசிரியை, கும்பகோணம்

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வாசிப்பைப் பற்றி மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எழுதுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்து முறை எழுதச் சொன்ன அந்தத் தாயை எல்லாரும் குற்றவாளியாகப் பார்த்துவிடக் கூடாது. எழுதிப் பழகாமல் கை ஓடாது. மேலும் நம் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ணகர னகர வேறுபாடும் காதுக்கு எட்டுவதில்லை. காதை நம்பி எழுதும் பிள்ளை பழத்தைப் பளம் என்றுதான் எழுதும். பாட்டியும் அப்படியே சொல்லுவார். ஆகவே கண்ணால் பார்த்துக் கையால் எழுதிப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், நன்னிலம்

கும்பகோணத்துச் சகோதரி சொல்வதில் உண்மை இருக்கிறது; எழுதுவதை நான் விட்டுவிட்டது என் குறைதான். பழம் என்பதில் காது உதவாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பத்து முறை பார்த்து எழுதும் குழந்தை ஒரு முறைகூடச் சொல்லைப் பார்ப்பதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதலில் எல்லா வரிகளிலும் ப போடும், பிறகு எல்லா வரிகளிலும் ழ போடும், கடைசியில் ம் போடும். கை ஓடுகிறது, சொல் மனத்தில் பதிவதில்லை. அதற்குப் பதிலாக மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்க்கச் சொல்லி, மூடச் சொல்லி, மனத்திலிருந்து எழுதச் சொல்லி, திறந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். தவறைத் தானே கண்டுபிடிக்கும் குழந்தைக்கு அது நினைவில் நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று சொற்கள் என்றால் அழுகைக்கு இடமிருக்காது.

சில ஐயங்களைத் தமிழே தீர்த்துவைக்கிறது. டகரத்திற்கு முன் வருவது ண், தகரத்திற்கு முன் வருவது ந், றகரத்திற்கு முன் வருவது ன்: வண்டி, பந்து, கன்று. அதனால்தான் நம் முன்னோர் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரிட்டார்கள். மூன்றுசுழி, இரண்டுசுழி என்று சொல்லிக்கொடுப்பதைவிட இந்தப் பெயர்களையே சொல்லிக்கொடுத்தால், பெயருக்குள்ளேயே விதியும் இருக்கும். சொல்லின் முதலில் ற, ள, ழ வருவதில்லை. ர இரட்டிப்பதில்லை, ற இரட்டிக்கும். எஞ்சியவற்றுக்கு ஊர்ப் பெயர்களைப் பயன்படுத்துங்கள். நீடாமங்கலம், வலங்கைமான், சீர்காழி, கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி என்று பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கீழ்வேளூரில் ழகரமும் ளகரமும் ஒரே பெயருக்குள் நிற்கின்றன. பேருந்து வருவதற்குள் பெயரை வாசித்துச் சொல் என்று பாட்டி கேட்டால், அது அவருக்கும் தேவையான உதவி.

எழுதுவதில் இன்னொரு பகுதியும் உண்டு. கையெழுத்தும் எழுத்துப் பிழையும் ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்க வேண்டும். திருப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு வாரம் இரண்டு வரி எழுதி, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியவற்றை எழுதட்டும். வீட்டு மொய் நோட்டில் உள்ள பெயர்களைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அப்பாவுக்கு எழுதும் வரியில் பழம் பளமாக இருந்தாலும் அன்று திருத்த வேண்டாம். மறுநாளைய மூன்று சொற்களில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகச் சிறியவர்களுக்குத் தாளும் வேண்டாம். மணலில் விரலால் பெரிதாக எழுதட்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, வளர்ந்த மனிதராக இருந்தும், ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். மணலில் தவறு செய்தால் கையால் தடவினால் போதும். அந்த அச்சமின்மை சிறு பிள்ளைக்கு மிகவும் தேவை.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து மாதங்கள் கடந்தும் ஒரு குழந்தை எழுத்துகளை மாற்றி மாற்றியே பார்க்கிறது, நேற்று அறிந்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது என்றால், அதைச் சோம்பல் என்று சொல்ல வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவை நன்றாக இருந்தால், வகுப்பாசிரியர் வழியாக வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை அணுகலாம். கற்றலில் குறைபாடு உள்ள குழந்தைக்கு வேறு வகைப் பயிற்சி தேவை. அது தாமதமாகக் கூடாது.

கேள்வி கேட்டவர்: வெட்டாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. வேதாரண்யத்து அம்மாவும் அவர் மகளும் சேர்ந்து எழுதியதை மூன்று முறை வாசித்தேன்.

கூட்டத்தை எப்படி நடத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் பேசுவது பத்து நிமிடம் மட்டும். அதன்பின் ஒவ்வொரு குழந்தையும் தன்னை வளர்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கட்டும். அவர்கள் விரலைக் கவனிப்பதையும், புரியாதபோது மறுபடி கேட்பதையும், முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பதையும் அங்கேயே செய்து பார்க்கட்டும். பிறரோடு ஒப்பிட்டுப் பேச வேண்டாம் என்பதை அந்தத் தாயின் அனுபவத்தோடு சொல்வேன். நூலகரிடம் நேற்றே பேசிவிட்டேன். சொற்களற்ற படப் புத்தகங்கள் ஆறு தருவதாகச் சொல்லியிருக்கிறார். 13 எழுத்துகளையும் இரு பத்திகளில் எழுதித் தாத்தாவிடம் கொடுத்தபோது, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய பத்தியில் நான் எழுதியிருந்த ணையில் வளைவு தவறாக இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தார். பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பிக்கும் சிறுவனின் வீட்டுக்கு இன்று மாலை போயிருந்தேன். பாட்டி சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பேரனை விரல் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, பாட்டியிடம், அவன் விரலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சொல் புரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்றேன். இரண்டாம் வரியில் குதிரை என்று இருந்ததை அவன் குத்திரை என்று வாசித்தான். பாட்டி சுளகை நிறுத்திவிட்டு, அது என்னடா குத்திரை என்று கேட்டார். அவன் பாட்டியைப் பார்த்தான், பிறகு குனிந்து எழுத்தைப் பார்த்தான்.